எளிய பந்து

எவன்ஸ்வில் நகரில் ஒஹையோ ஆறு
கார் நிறுத்துமிடம் வரை ஏறிவந்த வாரம்.
கதவைச் சாத்தியும் உள்ளே நுழைந்த ஈரம்
மேசைத் துணியில் உட்கார்ந்துகொண்டது.
ஈரத்தில் பந்து குறுகித் திரும்பும்.
வாய்விட்டுச் சொல்லமுடியாது.
ஆடத் தெரியாதவனுக்குத்தானே கூடம் கோணல்.

நேராகப் போட்டால் செல்லாத ஆட்டம் இது.
ஒவ்வொரு பந்தும்
குஷனில் ஒருமுறையாவது முட்டி, மனம் மாறி,
பிறகுதான் குழியில் விழலாம்.
மொத்தம் ஒன்பது. முதலில் ஐந்து போட்டவருக்கு
அறுபது டாலர்.

தர்லோ ஹாச்சர் கூரை போடுகிறவன்.
நகக்கண்ணில் தாரோடு வருவான்,
சுவரில் எந்தக் கியூ கைக்கு எட்டுகிறதோ
அதை எடுப்பான், வளைந்ததைக்கூட.
குனிந்தவன் நிமிர்வதற்குள் பந்து விழுந்திருக்கும்.
கைராசி என்றார்கள்.
அவனிடம் கேட்டால், பசிக்கிறது என்பான்.

கார்லிஸ் பீன் நகரப் பேருந்துகளுக்கு
நேர அட்டவணை போடுகிறவள்.
அடித்ததைவிட விட்டுவைத்ததே அதிகம்.
ஒரு கோணமும் மிஞ்சாத இடத்தில்
வெள்ளைப் பந்தை நிறுத்திவிட்டு
நாற்காலிக்குப் போய்
சின்ன நோட்டில் எழுதுவாள்.
அவள் எழுதும் நேரமெல்லாம்
அவன் கழுத்து நரம்பு துடிக்கும்.

நாலுக்கு நாலு.

கடைசிப் பந்து மூலைக்குழியின் உதட்டில் நின்றது.
வேறு ஆட்டமென்றால் குழந்தைகூட ஊதித் தள்ளும்.
இங்கே அதைத் தொட வழியில்லை.
முன்னால் குழி, பின்னால் நாம்,
குஷனுக்கு எங்கே போக?
நாற்பது நிமிடம் இருவரும்
தூங்கும் நாயைச் சுற்றி நடப்பதுபோல் நடந்தார்கள்.
யாரோ பீட்சாவை மடித்துத் தின்றார்கள்.

பிறகு கார்லிஸ் எழுந்து
ஊரே பார்க்க
அந்தப் பந்தை நேராகக் குழிக்குள் போட்டாள்.

சிரிப்பு. செல்லாது.
பந்தை எடுத்து நடுப்புள்ளியில் வைத்தார்கள்.
சிரிப்பு அடங்கியபோதுதான் பார்த்தேன்:
வெள்ளைப் பந்து போய் நின்ற இடத்திலிருந்து
ஒரே ஒரு வழி.
இடப்பக்கக் குஷன், இரண்டாம் வைரக்குறி.

எனக்கு வியர்த்தது.

ஜனவரியில் அந்த மேசைக்கு ரப்பர் ஒட்டியவன் நான்.
ஹீட்டர் கெட்டிருந்தது, பசை காயவில்லை,
பரவாயில்லை என்று துணியை இழுத்து மூடினேன்.
அந்த ஒரு சாண் மட்டும் செத்த ரப்பர்.
போகும் பந்து அங்கே சோம்பி
வழி மறந்து திரும்பும்.
யாரிடமும் சொல்லவில்லை.
கூலி முழுசாக வாங்கியிருந்தேன்.

அவள் நோட்டில் அது இருந்திருக்கிறது:
என் சோம்பேறித்தனம், தேதியோடு.

தர்லோ குனிந்தான்.
எப்போதும்போல் உடனே அடிக்கவில்லை;
ஒரு மூச்சு, அவ்வளவுதான்.
பிறகு கதவை உதைப்பதுபோல் ஓர் அடி.
செத்த இடத்தில் முட்டிய பந்து
வேறு வழியில்லாமல் உயிரோடு திரும்பி
எதிர்ப்பக்கக் குழியில் விழுந்தது.

சத்தத்துக்கு நடுவில் அவள் மட்டும்
பணத்தை எண்ணிவைத்துவிட்டுக் கேட்டாள்:
"வழக்கத்தைவிட எவ்வளவு பலமாக அடித்தாய்?"
அவனுக்குப் புரியவில்லை.
"அங்கே அது தூங்கும். எழுப்பத்தானே வேணும்."

அவள் நோட்டைத் திறந்து
அப்படியே எழுதிக்கொண்டாள்,
எண் எதுவும் போடாமல்.

அடுத்த வியாழன் அவள் ஜெயித்தாள்.
அதற்கடுத்த வியாழனும்.
அவன் இன்னும் வளைந்த கியூவோடுதான் ஆடுகிறான்.

விளக்கை அணைக்குமுன்
கட்டைவிரலால் அந்த ரப்பரை அழுத்திப் பார்க்கிறேன்.
உள்ளே போகிறது, மெதுவாக வருகிறது.
மாற்றிவிடலாம், ஒரு மணி நேர வேலை.

மாற்றவில்லை.